முக்கால் அங்குலம்

வாங்கின மூன்றாம் நாள் கண்ணில் பட்டது.
ராயக்கோட்டை மண்டியில்
பிக்கப்புக்குப் பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன்.
நம்பர் பலகை
காதுவலிக்காரன் தலைபோல
இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
இன்னும் ஒரு பெட்டி தக்காளிகூட ஏற்றவில்லை.

தையல்கடை ருக்கம்மாவிடம் டேப் வாங்கி
தரையிலிருந்து சக்கர வளைவு வரை அளந்தேன்.
வலது முப்பத்து நாலு.
இடது முப்பத்து மூணே கால்.
ஜாக்கெட் என்றால் ஒரு தையல் பிரித்துவிட்டால் தீர்ந்தது.
நாலு லட்சத்து எண்பதாயிரத்தில்
எந்தத் தையலைப் பிரிப்பது?

அப்புறம் எல்லாமே தெரிய ஆரம்பித்தது.
பானெட்டின் வலது இடுக்கில் தீக்குச்சி நுழையவில்லை.
இடது இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு
உள்ளே விழுந்தே விட்டது.
(அங்கேதான் கிடக்கிறது. வேகத்தடையில் பேசும்.)
கதவின் கோடும் தொட்டியின் கோடும்
பாகம் பிரித்த பங்காளிகள்போல
பக்கத்தில் பக்கத்தில், வேறு வேறு உயரத்தில்.

லண்டன்பேட்டை முனீர் அடியில் படுத்து
வெளியே வந்து சொன்னார்:
"ஆறு நூல்தானேம்மா. டிரைவர் வெயிட்டு."
டிரைவர் நான்.
ஐம்பத்திரண்டு கிலோ. உட்காருவது வலப்பக்கம்.
"அப்ப டீசல் டேங்க்."
முள் சிவப்பில் கிடந்தது.
"அப்ப தரை" என்றார்.

தரைதான் என்று நம்ப எனக்கும் ஆசை.
வண்டியைத் திருப்பி நிறுத்தி அளந்தேன்.
பெட்ரோல் பங்கில் அளந்தேன்.
சுங்கச்சாவடி தாண்டி லாரிகள் தூங்கும் இடத்தில் அளந்தேன்.
அணைப் பூங்கா வாசலில் காவலாளி கேட்டான்,
"வண்டிக்குச் சட்டை தைக்கிறியாம்மா?"
கடைசியில் பர்கூரில், கிரானைட் அறுக்கும் பட்டறையில்,
ஊற்றின தண்ணீர்
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும் தளத்தில்.
முக்கால் அங்குலம்.
மாவட்டம் முழுக்க அதே முக்கால்.

அங்கிருந்த பையன் ஒரு காந்தம் கொண்டுவந்தான்.
வலது கதவில் ஒட்டியது.
இடது கதவில் வழுக்கி விழுந்தது.
"பட்டி அக்கா. விரல் கனத்துக்குப் பட்டி."

ஒரே ஓனர், அடிபடாத வண்டி என்று விற்றவன்
காவேரிப்பட்டணத்தில் இருந்தான்.
போகும் வழியெல்லாம்
பேச வேண்டியதைச் சத்தமாகப் பேசிப் பார்த்தேன்.
கெட்ட வார்த்தைகள் இரண்டை
பொறுக்கி வைத்துக்கொண்டேன்.

மாதப்பன் வெளியே வந்தான். என்னைப் பார்க்கவில்லை.
நேராக இடது கதவுக்குப் போய்
இடுக்கில் கட்டைவிரலை வைத்தான்.
கண்ணைக் கட்டியிருந்தாலும்
அது சரியாக அங்கே போயிருக்கும்.
கதவைத் திறந்தான்.

"மழையில தண்ணி எறங்குதா?"
எறங்குது.
"கால் பக்கமா?"
ஆமா.

பிறகு, "தொப்பூர்" என்றான்.

எங்கள் பக்கத்தில்
அந்தப் பெயரை அப்படித் தனியாகச் சொன்னால்
அடுத்த வார்த்தையை யாரும் கேட்பதில்லை.
இடது இருக்கையின் உறை மட்டும் ஏன் புதுசு என்று
வாங்கிய அன்றே கேட்டிருக்கலாம்.

பணத்தைப் பற்றிப் பேசினோம்.
பதினைந்தாயிரம் தருவதாகச் சொன்னான்,
மாங்காய் சீசன் முடியட்டும் என்றான்.
தந்தாலும் தருவான்.
என்னை ஏமாற்றியவன் அவன்,
அதில் இப்போதும் சந்தேகமில்லை.

கிளம்பும்போது அவன் திறந்த கதவு சாத்தவில்லை.
நான் இரண்டு முறை அறைந்தேன்.
அவன் வந்து,
கைப்பிடிக்கு அடியில் உள்ளங்கை கொடுத்து,
தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல
ஒரு நூல் தூக்கிச் சாத்தினான்.
சத்தமே வரவில்லை.

இப்போது வலப்பக்கம் இரண்டு பெட்டி கூடுதலாக ஏற்றுகிறேன்.
பட்டை ஒன்று சேர்க்க முனீர் மூவாயிரம் கேட்கிறார்.
தவணை ஐந்தாம் தேதி.

புதிதாக வந்த லோடு பையன்
இடது கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
தூக்கிச் சாத்து என்றேன்.
"ஏன்க்கா?"
தக்காளி நசுங்குது பாரு,
கயித்த இறுக்காத என்றேன்.